மூடி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்

விருதுநகர்
6.1.2025

மதினிக்கு வணக்கம்.

போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டேன், பார்த்துவிட்டீர்கள் என்று நீலக்கோடு மட்டும் வந்தது. அண்ணனிடம் கேட்டால், "உம் பேர எடுத்தாலே உங்க மதினி அடுக்களையில பாத்திரத்த உருட்டுறா. உங்க ரெண்டு பேர் சண்டையில என்னைய இழுக்காத தாயி" என்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். தாளில் எழுதியிருக்கும் எதையும் பார்க்காமல் கீழே வைக்க உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பரில், காலண்டர் சீசன் சூடு பிடித்த நேரத்தில், உங்களைத் தனியே விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. இவருக்கு விருதுநகர் கிளைக்கு மாற்றல் வந்ததும், நாகையா அண்ணாச்சியின் அறக்கட்டளையில் எனக்கு வேலை கிடைத்ததும் ஒரே வாரத்தில் நடந்தன. பதினைந்து வருடமாக நம் அச்சாபீசில் நான் மூலத்தைச் சத்தமாக வாசிப்பேன், நீங்கள் புரூப்பில் கண்ணை வைத்துத் திருத்துவீர்கள். கமா, புள்ளி, மேற்கோள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எனக்குத் தூக்கத்திலும் அதுவே வந்தது. எத்தனை ராகு காலம், எத்தனை எமகண்டம் என் தொண்டை வழியாகப் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கே என்மேல் பாவமாக இருந்தது. வேறு ஒரு வேலை செய்து பார்க்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அண்ணாச்சி வத்தல் வியாபாரி. தன் அப்பா பெயரில், முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பரிசு அறிவித்திருக்கிறார். அறுபத்துச் சொச்சம் நாவல்கள் வந்து குவிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் வாசித்து, நடுவர்களுக்குப் பத்தைப் பொறுக்கித் தர ஒரு பேராசிரியர் ஒப்புக்கொண்டிருந்தார். கண் ஆபரேஷன் என்று அவர் விலகிவிட்டார். பிப்ரவரி முடிவதற்குள் பத்து பேர் பட்டியல் கைக்கு வராவிட்டால், தெரிந்த மனிதர்கள் சொல்லும் ஆளுக்கே கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணாச்சி. அப்படிச் செய்தால் மற்ற அத்தனை பேர் எழுதியதும் பிரிக்காமலேயே பழைய பேப்பர் கடைக்குப் போகும். எனக்கு அது பொறுக்கவில்லை. "எங்க மதினி வாசிப்பாக. அவுக கண்ணுக்கு ஒரு எழுத்து தப்பாது" என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும்.

முதல் கட்டு நாவல்களை டிரைவர் ராக்கப்பனிடம், சிவகாசிக்கு வரும் லோடு வண்டியில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எழுதியவர்கள் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

ஐஸ்வர்யா


சிவகாசி
13.1.2025

ஐஸ்வர்யாவுக்கு,

கட்டு வந்தது. நீ போன பிறகு இங்கே என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உன் இடத்தில் உன் அண்ணன் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினார். பாதிப் பக்கம் வாசித்துவிட்டு, "மத்ததெல்லாம் போன வருசம் மாதிரித்தான்" என்று தாளைப் புரட்டுவார். அவரை வைத்துக்கொண்டு ஒரு வருடக் காலண்டரை நான் பிழையில்லாமல் வெளியே அனுப்பினேன் என்றால் அது என் சாமர்த்தியம். கார்த்திகை முழுக்க எனக்குக் கண் எரிச்சல். அதை எல்லாம் நீ எழுதிய இரண்டு வரி மன்னிப்பில் கழித்துவிட முடியாது.

காலண்டர் சீசன் முடிந்து, பொங்கலும் வருவதால் அச்சாபீசில் வேலை குறைவு. வேறு வேலை இல்லாததால் உன் நாவல்களை எடுத்தேன். ஒரு வாரத்தில் இரண்டு முடித்திருக்கிறேன். முதலில் பார்த்தது நாலாம் நம்பர். அதை எழுதிய மகராசன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தானோ, நானூறுக்கு மேல் பிழை. எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். இரண்டாவது ஒன்பதாம் நம்பர். இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஆறே ஆறு பிழை, அதுவும் தட்டச்சுக்காரன் செய்ததாகத்தான் இருக்கும். எவ்வளவு பொறுப்பான மனிதர். பரிசை அவருக்கே கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டையும் ராக்கப்பனிடம் கொடுத்துவிட்டேன். பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று உன் அண்ணன் கரும்பு வாங்கி வைத்திருக்கிறார். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

யோகேஸ்வரி


விருதுநகர்
18.1.2025

அன்புள்ள மதினிக்கு,

பொங்கலுக்கு வந்து, வாசலில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் பேசாமல் கரும்பை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியது இவருக்குச் சிரிப்பாக இருக்கிறது. "கரும்பு குடுத்தாகள்ல, அப்ப பாதிச் சண்டை தீந்திருச்சு" என்கிறார். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. எழுதினால் மட்டும் வருகிறது.

நீங்கள் திருத்திய இரண்டையும் பார்த்தேன். பிரமாதமான திருத்தம். ஆனால் மதினி, ஒன்பதாம் நம்பரில் கதை என்ன என்று நீங்கள் ஒரு வரி எழுதவில்லையே. நான் வாசித்தேன். ஓய்வு பெற்ற ஒருவர் மதுரையில் வீடு கட்டுகிறார். அஸ்திவாரத்தில் ஆரம்பித்துப் பால் காய்ச்சுவதில் முடிகிறது. நடுவில் கொத்தனாரோடு கூட ஒரு சண்டை இல்லை. உலகத்தில் யாராவது கொத்தனாரோடு சண்டை போடாமல் வீடு கட்டியிருக்கிறார்களா? நாலாம் நம்பரில் போர்வெல் லாரியில் வேலை பார்க்கும் ஒருவன் ராஜஸ்தானில் கிடக்கும்போது அவன் அம்மா இங்கே இறந்துபோகிறாள். அந்தப் பக்கத்தில் 'கண்ணிர்' என்று இருந்ததைக் 'கண்ணீர்' என்று திருத்தியிருக்கிறீர்கள். அம்மா செத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

குறை சொல்வதற்காக எழுதவில்லை. என் கதை இதைவிட மோசம். எனக்கு வாய் அசைக்காமல் வாசிக்க வராது. உதட்டை இறுக்கி மூடினாலும் உள்ளே ஒருத்தி உட்கார்ந்துகொண்டு 'கமா', 'புள்ளி' என்று சொல்லிக்கொண்டே வருகிறாள். கதாநாயகி கிணற்றங்கரைக்கு ஓடும்போதும் அவள் நிதானமாகக் கமா சொல்கிறாள். உங்களுக்கு உதவியாக நானும் பாதியை வாசிக்கலாம் என்று பார்த்தால் ஒரு நாளைக்கு முப்பது பக்கம் தாண்டவில்லை.

இங்கே நூலகத்தில் ஞாயிறு காலை, பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு வேகமாக வாசிக்கும் பயிற்சி நடக்கிறது. சுந்தரபாண்டி என்பவர் நடத்துகிறார். போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லாகப் பார்க்காமல் இரண்டு மூன்று சொல்லை ஒரே பார்வையில் எடுக்க வேண்டுமாம். விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டே போக வேண்டுமாம். தாண்டிய வரிக்குக் கண் திரும்பிப் போகக் கூடாதாம். வாயை அடக்கப் பென்சிலைப் பல்லில் கடித்துக்கொள்ளச் சொன்னார். எனக்குப் பிடித்தது அவர் கடைசியாகச் சொன்னது. "ஒரு நிமிசத்துல புத்தகத்த முடிச்சேன்னு எவன் சொன்னாலும் நம்பாதீக. வேகம் பெருசில்ல. வாசிச்சத மூடி வச்சுட்டுச் சொல்லணும். சொல்ல வரலைன்னா வாசிக்கலைன்னு அர்த்தம்" என்றார். அவர் கொடுத்த ஒரு பக்கத்தை வாசித்து மூடினேன். எனக்கு ஞாபகம் இருந்தது பென்சிலின் ருசி மட்டும்தான்.

நாம் இரண்டு பேரும் இதைக் கற்றுக்கொண்டால் என்ன? அடுத்த கட்டு அனுப்புகிறேன்.

ஐஸ்வர்யா


சிவகாசி
25.1.2025

ஐஸ்வர்யா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். பிறகு நாலாம் நம்பரை உன்னிடமிருந்து திருப்பி வாங்கி வரச் சொல்லி உன் அண்ணனை விட்டு ராக்கப்பனுக்குப் போன் போட வைத்தேன்.

அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தேன். அவன் துளை போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வருகிறது. சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் பீறிட்டு ஊரே கொண்டாடும்போது அவன் போனை எடுத்துப் பார்க்கிறான். அந்த இடத்தில் நான் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். யாருடைய கண்ணீர் என்று பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது ஐஸ்வர்யா. பயமாகவும் இருந்தது. இத்தனை வருடம் காலண்டர், நோட்டு, கோவில் மலர், பாடப் புத்தகம் என்று கண் வலிக்க வலிக்கப் பார்த்தேனே, அதில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது.

அதனால் உன் சுந்தரபாண்டி சொன்னதைச் செய்து பார்க்கிறேன். அவர் சொன்னபடி விரலை வரிக்குக் கீழே வைத்தால் எனக்கு ஆகவில்லை. புரூப் பார்க்கும்போது அடிக்கோலை அப்படித்தான் வைப்போம், உடனே கண் ஒவ்வொரு எழுத்தாக மேய ஆரம்பித்துவிடுகிறது. காலண்டர் அட்டை வெட்டியதில் மிச்சமான ஒரு துண்டை எடுத்து வரிக்கு மேலே வைத்தேன். வாசித்த வரியை மூடிக்கொண்டே கீழே இறக்கினேன். மூடிய பிறகு திரும்பிப் பார்க்க வழி இல்லை, முன்னால்தான் போயாக வேண்டும். முதல் நாள் மூச்சு முட்டியது. பின்னால் எத்தனை பிழையை விட்டுவிட்டு வருகிறோமோ என்றே நினைப்பு ஓடியது. சிவப்புப் பேனாவைக் கையில் வைத்திருந்தால் சரிப்படாது என்று பைண்டிங்கில் பஞ்சம்மாளிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டேன்.

மூடி வைத்துவிட்டு யாரிடம் சொல்வது? உன் அண்ணனிடம் சொன்னால் தூங்கிவிடுவார். டீ நேரத்தில் பைண்டிங் பெண்களிடம் சொன்னேன். நோட்டுக்குத் தாள் மடித்துக்கொண்டே கேட்டார்கள். பாதியில் பஞ்சம்மாள், "அந்தப் பய எதுக்குக்கா ஊர விட்டுப் போனான்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வாசித்திருக்கிறேன், ஆனால் தெரியவில்லை. மாடிக்குப் போய் அந்த அத்தியாயத்தை மறுபடி வாசித்துவிட்டு இறங்கி வந்து சொன்னேன்.

ஒன்பதாம் நம்பருக்குப் பரிசு கொடுக்கலாம் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதை அடித்துவிடு.

யோகேஸ்வரி


விருதுநகர்
1.2.2025

அன்புள்ள மதினிக்கு,

அட்டையை வரிக்கு மேலே வைக்கும் யோசனையைச் சுந்தரபாண்டி சாரிடம் சொன்னேன். அசந்துவிட்டார். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லி, ஆளுக்கு ஒரு அட்டை வெட்டி வரச் சொல்லியிருக்கிறார். எங்கள் மதினியின் யோசனை என்று நான் பெருமையாக எழுந்து நின்று சொன்னேன்.

எனக்கும் கொஞ்சம் வருகிறது. உள்ளே இருக்கும் அந்தக் குரலை ஒரேயடியாக நிறுத்த முடியவில்லை. ஆனால் கமா சொல்வதை விட்டுவிட்டாள். முக்கியமான சொல்லை மட்டும் சொல்கிறாள். சார் அதுவே போதும் என்கிறார். பென்சிலைக் கடித்துக்கொண்டு ஆபீசில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, வத்தல் வாங்க வந்த ஒருவர் பல்வலியா என்று கேட்டுவிட்டுக் கிராம்பு கொடுத்தார்.

ஒரு கெட்ட செய்தி. அண்ணாச்சி கணக்குக் கேட்டார். இதுவரை எத்தனை முடிந்தது என்றார். உள்ளதைச் சொன்னேன். அவர் ஒன்றும் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கவலை. "உங்க மதினி புரூப் பாக்கிறவக. பொறுப்பானவகதான், நான் இல்லைன்னு சொல்லல. நாவல் வாசிக்கிறது வேற வேலைதானம்மா" என்றார். அவருடைய நண்பர் ஒருவர் எழுதிய நாவலும் இந்தக் குவியலில் இருக்கிறதாம். நாலு பெரிய மனிதர்கள் அதைப் புகழ்ந்திருக்கிறார்களாம். நம்பர் என்ன என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் கண்ணில் தூசி விழுந்த மாதிரி ஆகிவிடும்.

மாதம் முடிய நாலு வாரம் கூட இல்லை. மிச்சம் எல்லாவற்றையும் அனுப்புகிறேன். முடியாது என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் அவமானப்பட்டுக்கொள்கிறேன்.

ஐஸ்வர்யா


சிவகாசி
10.2.2025

அன்புள்ள ஐஸ்வர்யாவுக்கு,

முடியாது என்று நான் எப்போது சொன்னேன்? அண்ணாச்சி அப்படிச் சொன்னாரா? நல்லது.

இப்போது எப்படி வாசிக்கிறேன் என்று சொல்கிறேன். உன் சாரிடமும் சொல். எடுத்தவுடன் முதல் வரியில் பாய்வதில்லை. முதல் பத்துப் பக்கம், நடுவில் ஒரு அத்தியாயம், கடைசியில் கொஞ்சம் என்று பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்குள் போகும் முன் வாசலில் நின்று எத்தனை அறை என்று பார்ப்பது போலத்தான். பிறகு அட்டையை வைத்து இறங்குகிறேன். வர்ணனை நீண்டுகொண்டே போனால் வேகமாகத் தள்ளுகிறேன். இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் நிதானிக்கிறேன். யாராவது பொய் சொல்கிறார்கள் என்று தோன்றினால் அட்டையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மெதுவாக வாசிக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் போகிறவருக்கு வேகமும் வராது, கதையும் ஒட்டாது என்று எனக்குப் படுகிறது.

இது சும்மா வந்துவிடவில்லை. போன வாரம் எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, சாப்பாட்டு நேரத்தில் பாதி என்று ஓட்டினேன். மறுநாள் டீ நேரத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பஞ்சம்மாள் தாளை மடிப்பதை நிறுத்திவிட்டு, "யக்கா, நேத்து கெணத்துல விழுந்து செத்தவ இன்னைக்கு எப்படிக்கா காப்பி போடுறா?" என்றாள். இரண்டு நாவலை ஒன்றாகக் கலந்து, ஒருத்தியைச் சாகடித்து, அவளையே அடுத்த கதையில் அடுக்களைக்கு அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த இரண்டையும் மறுநாள் முதலிலிருந்து வாசித்தேன். இப்போது ஒன்றை முடித்ததும் அடுத்ததைத் தொடுவதில்லை. மூன்று வரி எழுதி வைத்துவிட்டு, மொட்டைமாடியில் வத்தலைத் துழாவி, துணியை எடுத்து மடித்துவிட்டுத்தான் வருகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று ஒரு நாவலில் ஒரு பெண் தன் நாத்தனாரோடு பேசாமல் இருக்கிறாள். காரணம் மறந்துபோய்விட்டது, பேசாமல் இருப்பது மட்டும் மிச்சம் இருக்கிறது. எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. சீசனில் விட்டுப்போனாய் என்பது உண்மை. அதைவிட, காலையில் வந்து உட்கார்ந்ததும் உன் குரல் இல்லாமல் அந்த அறை பிடிக்கவில்லை. அதுதான் என் கோபம். இதைப் போனில் என்னால் சொல்ல முடிந்திருக்காது.

யோகேஸ்வரி


விருதுநகர்
15.2.2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அதற்கு எந்தப் பயிற்சியும் உதவவில்லை. இவர் வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டார். கடிதத்தைக் கொடுத்தேன்.

நீங்கள் எழுதிய குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். மூன்று மூன்று வரிதான். ஆனால் ஒவ்வொன்றும் அந்த நாவலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு நாவலுக்கு, 'மாமனார் செத்த பிறகுதான் இந்த வீட்டில் எல்லோரும் உண்மை பேசுகிறார்கள், ஆசிரியர் அவரை இன்னும் சீக்கிரம் சாகவிட்டிருக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தேகமாக இருந்ததால் அந்த நாவலை எடுத்து வாசித்துப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. பதினைந்து வருடம் உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒரு ஐந்து மாதப் பிரிவு வேண்டியிருந்திருக்கிறது.

அண்ணாச்சியிடம் குறிப்புகளைக் காட்டினேன். வாசித்தார். "இது வேற யாரும் எழுதிக் குடுத்ததா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, நீங்களே போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது மனசுக்குள் உதைக்கிறது. சாத்தூருக்குப் போகிற வேலை இருக்கிறதாம், அப்படியே சிவகாசிக்கும் வரலாம். எந்த நாள் என்று சொல்லவில்லை.

ஐஸ்வர்யா


சிவகாசி
24.2.2025

அன்புள்ள ஐஸ்வர்யாவுக்கு,

வந்தார். நீ போட்டுவிட்ட வேலைதானே.

சனிக்கிழமை பதினொரு மணி. நான் பைண்டிங்கில் டீயை ஆற்றிக்கொண்டு ஐம்பத்தெட்டாம் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் அவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். உன் அண்ணனுக்கு வேர்த்திருந்தது. அண்ணாச்சி ஒரு பேப்பர் பண்டலில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் சொல்லி முடியுங்கள், அப்புறம் பேசலாம் என்றார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பஞ்சம்மாள், "சொல்லுங்கக்கா, அந்த வாத்தியாரு மன்னிப்புக் கேட்டாரா இல்லையா?" என்று அதட்டியதும் சொல்லி முடித்தேன்.

பிறகு மாடிக்கு வந்தார். வாசித்து முடித்த நாவல்களை அடுக்கி வைத்திருந்த இடத்தைப் பார்த்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "தப்பா நினைக்காதீகம்மா. இம்புட்டையும் இந்த ஒன்றரை மாசத்துல வாசிச்சீகளா, புரட்டிப் பாத்தீகளா?"

"எத வேணும்னாலும் எடுங்க அண்ணாச்சி. கையில நீங்களே வச்சுக்கிடுங்க. நான் சொல்றேன்" என்றேன்.

அவர் மேலாக இருந்ததை எடுக்கவில்லை. அடியிலிருந்து உருவினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்தார். சொன்னேன். யார் யாருக்கு என்ன உறவு, எங்கே முடிச்சு விழுகிறது, எந்த இடத்தில் எழுதியவருக்கே நம்பிக்கை போய்விடுகிறது என்று சொன்னேன். ஒன்றில் ஒரு ஊரின் பெயர் மட்டும் வரவில்லை. தெரியவில்லை, மறந்துவிட்டது என்றேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து அவராகவே அந்தப் பெயரைச் சொன்னார்.

நாலாவதாக முப்பத்தேழாம் நம்பரை எடுத்தார். அதை எடுக்கும்போது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பினாங்குக்குப் போய்க் கடை வைத்த ஒரு குடும்பத்தின் கதை. "முதல் நூறு பக்கம் அருமையா இருக்கு. கப்பல்ல இருந்து இறங்குற அன்னைக்கு அந்த மனுசன் செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு நிக்கிறத நான் மறக்கவே மாட்டேன். அதுக்கப்புறம் எழுதினவரு களைச்சுப் போயிட்டாரு. ஆள்களப் பத்திச் சொல்றத விட்டுட்டுக் கடையப் பத்தியே சொல்றாரு. இத மட்டும் ரெண்டு தடவ வாசிச்சேன், எங்கயாவது மறுபடி உசுரு வருதான்னு. வரல" என்றேன்.

அண்ணாச்சி அந்த நாவலை அடுக்கின் மேலே வைத்தார். பிறகு, "அவரு என் சிநேகிதரு. செருப்பு விசயம் அவுக அப்பாவுக்கு நெசமாவே நடந்தது, சொல்லியிருக்காரு. மத்தத நான் வாசிக்கல. எல்லாரும் நல்லாருக்குன்னாக, நானும் தலையாட்டிட்டேன்" என்றார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது ஐஸ்வர்யா. அப்படி ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்?

கீழே இறங்கும்போது பஞ்சம்மாளிடம் நின்றார். எந்தக் கதை உனக்குப் பிடித்தது என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. கடைசி பஸ்ஸை ஒரு குக்கிராமத்தில் நிறுத்திவிட்டு, டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயே படுத்துக்கொள்ளும் நாவல் ஒன்று இருக்கிறதே, இருபத்தொன்றாம் நம்பர், அதை அவருக்கு ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் அவளுக்குச் சொன்னதை அவள் அவருக்குச் சொன்னாள். நடுவில் நான் சொல்ல மறந்த ஒன்றை அவளே இட்டுக்கட்டிச் சேர்த்துக்கொண்டாள், அது பொருத்தமாகத்தான் இருந்தது. அண்ணாச்சி சாத்தூர்ப் பயணத்தை மறந்துவிட்டு நின்று கேட்டார்.

மிச்சம் மூன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துப் பட்டியலை ராக்கப்பனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாலாம் நம்பர் அந்தப் பத்தில் இருக்கிறது. முப்பத்தேழு இல்லை.

யோகேஸ்வரி


விருதுநகர்
3.3.2025

அன்புள்ள மதினிக்கு,

பட்டியல் கிடைத்தது. அண்ணாச்சி ஒரு நம்பரைக் கூட மாற்றவில்லை. பத்தையும் நடுவர்களுக்கு இன்று காலை அனுப்பியாகிவிட்டது. முப்பத்தேழாம் நம்பர் எழுதிய நண்பரை அவரே நேரில் போய்ப் பார்த்து, முதல் நூறு பக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் கோபப்படுவார் என்று நினைத்துப் போனாராம். அவர், "நூறு பக்கத்துக்கு மேல சரியில்லைன்னு எனக்கே தெரியும். யாரும் சொல்லல" என்று சொல்லிவிட்டு உங்கள் பெயரைக் கேட்டாராம்.

ஆபீசில் இப்போது யார் வந்தாலும் அண்ணாச்சி உங்கள் கதையைத்தான் சொல்கிறார். ஊர்ப் பெயர் மறந்துவிட்டது என்று நீங்கள் ஒத்துக்கொண்டீர்களே, அந்த இடத்தில்தான் உங்களை முழுதாக நம்பினாராம். நேற்றுச் சுந்தரபாண்டி சார் வகுப்பில் நானும் ஒரு அத்தியாயத்தை வாசித்து மூடி வைத்துவிட்டுச் சொன்னேன். முக்கால்வாசி வந்தது. கை தட்டினார்கள். எனக்கு நீங்கள் அங்கே இல்லையே என்று இருந்தது. எனக்குத் தெரிந்தவர்களில் எனக்கு ரொம்பப் பெருமை உங்களால்தான் மதினி. முகத்துக்கு நேரே சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதிவிடுகிறேன்.

ஐஸ்வர்யா


சிவகாசி
17.4.2025

அன்புள்ள ஐஸ்வர்யாவுக்கு,

இருபத்தொன்றாம் நம்பருக்குப் பரிசு என்று நீ போனில் சொன்ன அன்று பஞ்சம்மாள் எல்லோருக்கும் சேவு வாங்கிக் கொடுத்தாள். அதை எழுதியவர் தேனிப் பக்கம் பஸ் கண்டக்டராகவே இருக்கிறார் என்றதும், அவள் தானே கண்டுபிடித்தது போல நடந்துகொள்கிறாள். இப்போதெல்லாம் தினமும் போனில் பேசுகிறோம். இருந்தாலும் இதைப் போனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன்.

அந்த நாவலை அச்சடிக்கும் ஆர்டரை அண்ணாச்சி நமக்கே கொடுத்திருக்கிறார் அல்லவா. நேற்று முதல் புரூப் வந்தது. மை வாசனையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். பஞ்சம்மாளிடம் சிவப்புப் பேனாவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். நமக்குத் தெரிந்த வேலை, சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் உன் அண்ணன் வந்து பார்த்தார். அறுபது பக்கம் முடிந்திருந்தது. ஒரு இடத்தில் கூட சிவப்பு மை இல்லை. "ஒரு தப்பு கூட இல்லையா?" என்று கேட்டுவிட்டு, நின்றபடியே முதல் பக்கத்தில் இரண்டு பிழையைக் காட்டினார். உன் அண்ணன், ஐஸ்வர்யா. மத்ததெல்லாம் போன வருசம் மாதிரித்தான் என்று தாளைத் தள்ளுகிற மனிதர் எனக்குப் பிழை காட்டினார்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அடிக்கோலைக் கூட வைத்துப் பார்த்தேன். பத்து வரி எழுத்துக்கூட்டிப் பார்க்கிறேன், அதற்குள் கடைசிப் பயணி இறங்கிப் போகிறான், டிரைவர் விளக்கை அணைக்கிறார், ஊர் நாய் வந்து படிக்கட்டில் படுக்கிறது. அதற்குப் பிறகு கோல் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. இது எனக்கு முழுக்கத் தெரிந்த கதை. அப்படியும் என்னை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண் என்னிடம் இப்போது இல்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கியது. உன் அண்ணன் பயந்துபோய் உன்னைக் கூப்பிடட்டுமா என்றார். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வருவாள் என்றேன், அதனால் வந்துவிடு.

பிறகு அவரிடம், "இந்தப் புத்தகத்துக்கு நான் ஆகமாட்டேன். வேற ஆளப் பாருங்க" என்றேன். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து இந்த அச்சாபீசில் ஒரு வேலையையும் நான் முடியாது என்று சொன்னதில்லை. நான் பேனாவை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தை வாசிக்க உட்கார்ந்துவிட்டேன்.

உன் மதினி
யோகேஸ்வரி